கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும் பவர் பேங்க்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பவர் பேங்க்கைப் பற்றியே இருந்தன. அதில் வியப்பில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனாலும் வளைகுடா நாட்டில் ஒருவரேனும் வேலை பார்க்காத தெருவை இங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திருவனந்தபுரம் வழியாகவோ தூத்துக்குடி வழியாகவோ நம்மவர்கள் நாள்தோறும் பறந்துகொண்டிருக்கிறார்கள். எல்லோர் பையிலும் ஒரு பவர் பேங்க் இருக்கிறது. கடிதங்களில் ஆறைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தாயார்: ஐயா, துபாயில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறை முடிந்து திரும்பும்போது, ஏத்தங்காய் வற்றலும் கருப்பட்டியும் வைத்துக் கட்டிய அட்டைப்பெட்டிக்குள் அவனுடைய பவர் பேங்க்கையும் வைத்துவிட்டேன். திருவனந்தபுரத்தில் பெட்டியை எடைபோட்டு அனுப்பிய பிறகு அவனைத் திரும்ப அழைத்து, கயிற்றை அறுத்து, எல்லாவற்றையும் வெளியே எடுக்க வைத்தார்களாம். பவர் பேங்க் ஆபத்தானது என்றால் ஆட்கள் இல்லாத சரக்கு அறையில் இருப்பதுதானே நல்லது? அதைக் கொண்டுபோய்ப் பயணிகளின் நடுவில் வைக்கச் சொல்வது என்ன நியாயம்?

அம்மா, உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது. ஆபத்தான பொருளை மனிதர்களிடமிருந்து விலக்கி வைப்பதுதான் நாம் வீட்டில் கடைப்பிடிக்கும் வழக்கம். மண்ணெண்ணெயை அடுப்பங்கரையில் வைக்க மாட்டோம். பட்டாசைக் கட்டிலுக்கடியில் வைக்க மாட்டோம். விமானத்தில் மட்டும் இது ஏன் தலைகீழாகிறது என்பதை விளங்கிக்கொள்ள, பவர் பேங்க்குக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அதற்குள் இருப்பவை லித்தியம் அயனி மின்கலங்கள். நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்ற இரண்டு தகடுகளும், அவை ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவில் மிக மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வும், எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு கரைசலும் அந்தச் சிறிய உறைக்குள் நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கின்றன. கீழே விழுந்து நசுங்கியதாலோ, தயாரிப்பிலேயே இருந்த குறையாலோ, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறியதாலோ அந்தச் சவ்வு ஓரிடத்தில் பழுதுபட்டால் உள்ளேயே மின்கசிவு ஏற்பட்டு அந்த இடம் சூடாகும். அந்தச் சூடு வேதிவினைகளைத் தூண்டும். அவ்வினைகள் மேலும் சூட்டை உண்டாக்கும். அந்தச் சூடு பக்கத்துக் கலத்தையும் பற்றும். சூடே சூட்டை வளர்க்கும் இந்த நிலைக்கு வந்த பிறகு அது தானாக அடங்குவதில்லை.

தென்னைக்கு நடுவில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. சரியாகக் காயாத கொப்பரையைக் குவித்து மூடி வைத்தால் குவியலின் நடுவே சூடு பிறந்து வளர்வதைக் களத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். விமானத்தில் கொண்டுசெல்லும் ஆபத்தான பொருள்களுக்கான சர்வதேசப் பட்டியலில், தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை என்ற பிரிவில் கொப்பரையும் இருக்கிறது. ஆகவே அடுத்த முறை மகனுக்குக் கட்டும் பெட்டியில் கொப்பரையும் வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் தீயணைப்பு வசதி இருக்கிறது. தீ எச்சரிக்கை வந்ததும் விமானி ஒரு பொத்தானை அழுத்தினால் ஹேலான் என்ற வாயு அங்கே நிரம்பும். துணியோ அட்டையோ எரிந்தால் அந்த வாயு தீச்சுடரை அடக்கிவிடும். லித்தியம் மின்கலத்தில் தேவைப்படுவது வேறு. அதைக் குளிர்விக்க வேண்டும். ஹேலான் சுடரை அணைக்குமே தவிரச் சூட்டைத் தணிக்காது. சுடர் அணைந்த பிறகும் ஒரு கலத்தின் சூடு அடுத்த கலத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும். நீர் ஊற்றிக் குளிர்விக்க ஓர் ஆள் வேண்டும். முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கும்போது சரக்கு அறைக்குள் இறங்கிச் செல்ல யாராலும் இயலாது.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து புறப்பட்ட ஒரு போயிங் 747 சரக்கு விமானத்தில், ஏராளமான லித்தியம் மின்கலங்கள் ஏற்றப்பட்டிருந்த பகுதியில் தீப்பிடித்தது. எச்சரிக்கை ஒலித்த அரை மணி நேரத்துக்குள் விமானம் விழுந்து நொறுங்கி, அதில் இருந்த இரு விமானிகளும் உயிரிழந்தார்கள். இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகே, ஐக்கிய நாடுகள் அவையின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானங்களில் ஏற்றுவதை 2016 ஏப்ரல் 1 முதல் தடைசெய்தது.

பயணிகள் அறையிலோ நிலைமை வேறு. புகை வந்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே பார்ப்பார். விமானப் பணியாளர்கள் இத்தகைய தீயை அணைக்கப் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் கையில் அணைப்பான் இருக்கிறது, நீரும் இருக்கிறது. ஆட்கள் நடுவே வைக்கச் சொல்வது, கெட்டது நடந்தால் ஒரு மனிதக் கை அங்கே எட்ட வேண்டும் என்பதற்காகத்தான். பவர் பேங்க்கைப் பற்றிய விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறந்தவை.

போனும் மடிக்கணினியும் பெட்டியில் போகலாமே என்றும் நீங்கள் நினைக்கக்கூடும். முழுவதுமாக அணைத்து, நசுங்காதபடி பொதிந்து வைத்தால் விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் அவற்றையும் கைப்பையில் வைப்பதே நல்லது என்று விமான நிறுவனங்கள் சொல்கின்றன. ஒரு கருவிக்குள் பொருத்தப்பட்ட மின்கலத்துக்கு அந்தக் கருவியே காப்பு. பவர் பேங்க்கை விதிகள் ஒரு கருவியாகக் கருதுவதில்லை. உதிரி மின்கலமாகவே கருதுகின்றன. உதிரி மின்கலம் எதுவும் சரக்கு அறைக்குச் செல்லக் கூடாது.

குளச்சலிலிருந்து ஒரு மீன்பிடித் தொழிலாளர்: பஹ்ரைனில் படகு வேலைக்குப் போகிறேன். கடலில் நாள்கணக்கில் தங்குவதால் 50,000 என்று எழுதிய பெரிய பவர் பேங்க் வாங்கினேன். 20,000-க்கு மேல் கொண்டுபோக முடியாது என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையில் அளவு எவ்வளவு?

அளவு 20,000 என்பது வாய்வழியாகப் பரவிய கணக்கு. விதி பேசுவது வேறோர் அலகில். பவர் பேங்க்கின் மேல் பெரிதாக அச்சிடுவது மில்லி ஆம்பியர் மணி. விமான விதி கேட்பது வாட் மணி. முதல் எண்ணை மின்கலத்தின் வோல்ட் அளவால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் இரண்டாவது கிடைக்கும். லித்தியம் அயனிக் கலத்துக்கு வோல்ட் பொதுவாக 3.7. ஆகவே 10,000 என்பது 37 வாட் மணி. 20,000 என்பது 74. 27,000 என்பது 99.9, 30,000 என்பது 111. அதே உறையில் 5 வோல்ட் என்ற வெளியீட்டு அளவும் அச்சாகியிருக்கும். அதைக் கொண்டு பெருக்கினால் கணக்கு தவறிவிடும்.

100 வாட் மணி வரை சர்வதேச விதியின்படி முன் அனுமதி தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். அதுவும் இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் கைப்பையிலும் இடமில்லை, பெட்டியிலும் இடமில்லை. உங்களுடைய 50,000 என்பது 185 வாட் மணி. அதைப் பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிட்டுத்தான் நீங்கள் மேலே போக முடியும். கொடுத்த பணம் வீணாகும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளில் 50,000 என்று எழுதியிருந்தால் அந்த எண் பெரும்பாலும் பொய்தான். ஆனால் சோதனை அலுவலர் உறையைப் பிரித்துப் பார்க்க மாட்டார், எழுதியிருப்பதைத்தான் பார்ப்பார். விற்றவர் சொன்ன பொய்க்கு விலை கொடுப்பவர் நீங்களாகிவிடுகிறீர்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்குக்கும் இதே கதிதான். வியர்வையும் உப்புக்காற்றும் பட்டு அச்சு மறைந்துவிட்டால் அளவைக் காட்ட வழியில்லாமல் போகும். எமிரேட்ஸ் நிறுவனம் 2025 அக்டோபர் 1 முதல் ஒரு பயணிக்கு 100 வாட் மணிக்குக் குறைவான ஒரே ஒரு பவர் பேங்க்தான் என்று வரையறுத்து, அதன் மேல் அளவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் சர்வதேச விதிக்கு மேல் தன் பங்குக்குக் கடுமை சேர்க்கலாம் என்பதால், பயணச்சீட்டு எடுத்த நிறுவனத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் நிலையில் நான் 20,000 அளவுள்ள நல்ல பவர் பேங்க் ஒன்றை எடுத்துச் சென்று, கூடுதலாக வேண்டியதை அங்கே போய் வாங்குவேன்.

வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குறியும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பவர் பேங்க்குகளுக்கு நம் நாட்டில் இந்தப் பதிவு கட்டாயம். அந்த எண் உண்மையானதுதானா என்பதை அந்த அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் இட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: பல ஆண்டுகளாக விமானத்தில் இருக்கைக்கு மேலுள்ள பெட்டியில் பையை வைத்துப் போகிறேன். இந்த முறை பவர் பேங்க்கை அங்கே வைக்கக் கூடாது, அதில் போனைச் சார்ஜ் செய்யவும் கூடாது என்று அறிவித்தார்கள். கைப்பையில் வைத்தால் போதும் என்றுதானே இதுவரை சொன்னார்கள்?

ஆம், நீண்ட காலம் அவ்வளவுதான் விதி. அதை மாற்றியது தென்கொரியாவில் நடந்த ஒரு நிகழ்வு. 2025 ஜனவரி 28 அன்று பூசான் நகரின் கிம்ஹே விமான நிலையத்தில், ஹாங்காங் புறப்பட இருந்த ஏர் பூசான் விமானத்தின் பின்பகுதியில், இருக்கைக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து தீ கிளம்பியது. விமானம் இன்னும் தரையில்தான் இருந்தது. உள்ளே இருந்த 176 பேரும் அவசரச் சறுக்குகள் வழியே வெளியேறி உயிர் தப்பினார்கள்; விமானத்தின் மேற்கூரை எரிந்து திறந்துகொண்டது. பவர் பேங்க் ஒன்றின் உள்ளே மின்காப்பு பழுதுபட்டதே காரணமாக இருக்கக்கூடும் என்று மார்ச் மாதத்தில் வந்த விசாரணையின் இடைக்கால அறிக்கை கூறியது. புறப்பாடு தாமதமாகாமல் அந்த விமானம் உரிய நேரத்துக்குக் கிளம்பி வானில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது.

மேல்பெட்டி கைக்கு எட்டும் இடம்தானே என்று கேட்கலாம். ஆனால் மூடிய கதவுக்குள், பிறர் பைகளுக்கு நடுவில், போர்வைக்கும் சட்டைக்கும் இடையில் இருக்கும் ஒரு பொருள் சூடாவதை யாரும் உணர மாட்டார்கள். புகை வெளியே தெரியும்போது உள்ளே துணியும் பற்றியிருக்கும். எந்தப் பை என்று தேடுவதிலேயே விலைமதிப்பற்ற நிமிடங்கள் போய்விடும். தென்கொரிய அரசு 2025 மார்ச் 1 முதல் மேல்பெட்டியில் வைப்பதைத் தடைசெய்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல், பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதையும் அதற்குச் சார்ஜ் ஏற்றுவதையும் நிறுத்தியது. நம் நாட்டில் டி.ஜி.சி.ஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2025 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை, பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே எடுத்துவர வேண்டும், மேல்பெட்டியில் வைக்கக் கூடாது, விமானத்துக்குள் அதைக் கொண்டு சார்ஜ் ஏற்றக் கூடாது என்று கூறுகிறது. நீங்கள் கேட்ட அறிவிப்பு அதன் விளைவே.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 2025 அக்டோபர் 19 அன்று, டெல்லியிலிருந்து திமாப்பூர் செல்லவிருந்த விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, ஒரு பயணியின் மின்கருவி முன்னிருக்கையின் பைக்குள் தீப்பிடித்தது. பணியாளர்கள் அதை உடனே அணைத்துவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. பூசானில் மூடிய பெட்டிக்குள் பிறந்த தீ ஒரு விமானத்தையே எரித்தது. டெல்லியில் கண்ணெதிரே பிறந்த தீ அங்கேயே அடங்கியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஆசிரியரான தங்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

சார்ஜ் ஏற்றத் தடை எதற்கு என்றால், மின்னோட்டம் பாயும்போதுதான் கலம் சூடாகிறது. ஏற்கெனவே பழுதுபட்ட கலம் வெடிக்கும் வாய்ப்பும் அப்போதுதான் கூடுகிறது. வீட்டிலேயே போனை முழுவதுமாகச் சார்ஜ் செய்துகொண்டு கிளம்புங்கள்.

தக்கலையிலிருந்து ஒரு வாசகி: என் தாயார் முதன்முறையாகத் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குத் தனியாகப் பறக்கப்போகிறார். கைப்பையில்தான் பவர் பேங்க் வைத்திருக்கிறேன். வேறு ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். அந்த வழித்தடத்தில் ஏ.டி.ஆர் வகைச் சிறிய விமானங்கள் பறக்கின்றன. அவற்றில் மேல்பெட்டி சிறியது. சக்கரம் வைத்த கைப்பெட்டி அதில் அடங்காவிட்டால், படியருகிலேயே வாங்கிச் சரக்கு அறையில் ஏற்றிவிடுவார்கள். பெரிய விமானங்களிலும் கூட்டம் மிகுந்தால் வாசலில் இப்படிச் செய்வதுண்டு. அந்த நேரத்தில் வரிசையில் நிற்கும் பதற்றத்தில், பெட்டிக்குள் பவர் பேங்க் இருப்பது யாருக்கும் நினைவுக்கு வராது. எல்லா விதியையும் மதித்து நடந்தவருடைய பவர் பேங்க் கடைசி நிமிடத்தில் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். ஆகவே அம்மாவின் தோளில் தொங்கும் சிறு பையில், மூக்குக்கண்ணாடிக்கும் மருந்துக்கும் பக்கத்தில் அதை வையுங்கள். அமர்ந்த பிறகு அந்தப் பையை முன்னிருக்கையின் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாவி, நாணயம் ஆகியவற்றோடு சேர்த்துப் போடாமல், தனி உறையிலோ சிறிய துணிப்பையிலோ இட்டு வைத்தால், உலோகம் பட்டுக் குறுக்கு மின்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும் ஆபத்தும் நீங்கும்.

அருமனையிலிருந்து ஒரு வாசகர்: சார்ஜ் ஏற்றும் டார்ச், முடிவெட்டும் டிரிம்மர், அப்பாவின் காது கேட்கும் கருவி ஆகியவற்றுக்கும் இதே விதியா?

மின்கலம் கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் பெட்டியிலும் வைக்கலாம். ஆனால் முழுவதும் அணைத்து, பயணத்தில் தானாக இயங்கிவிடாதபடி வைக்க வேண்டும். கழற்றி மாற்றும் உதிரிக் கலங்கள் கைப்பையில் மட்டும். காது கேட்கும் கருவியை அப்பா அணிந்தபடியே பயணம் செய்யலாம்.

இனயம் கடற்கரையிலிருந்து ஒரு வாசகி: என் கணவரின் பவர் பேங்க் ஒருமுறை உப்புநீரில் விழுந்தது. வெயிலில் காயவைத்த பிறகு வேலை செய்கிறது. இப்போது நடுவில் சற்றே புடைத்திருக்கிறது. அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டுதான் மஸ்கட் போவேன் என்கிறார். விமானத்தில் சூடானால் என்ன செய்ய வேண்டும்?

அம்மா, தயவுசெய்து அதை அவர் எடுத்துச் செல்ல விடாதீர்கள். புடைத்திருக்கிறது என்றால் உள்ளே வேதிவினை நடந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். பழுதுபட்ட மின்கலத்தை விமானத்தில் எந்த வகையிலும் கொண்டுசெல்ல அனுமதியில்லை. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி இணைப்புகளை அரித்துக்கொண்டிருக்கும். நனைந்த நாளில் ஒன்றும் ஆகாமல், பல நாள் கழித்துத் தீப்பிடிப்பதும் உண்டு. கடல் தொழிலாளர் வீடுகளில் இது அடிக்கடி நடக்கக்கூடியது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: கடல்நீரில் விழுந்த பவர் பேங்க்கை மீண்டும் சார்ஜில் போடாதீர்கள். அமுக்கவோ குத்தவோ வேண்டாம். குப்பையிலும் போட வேண்டாம். வீட்டுக்கு வெளியே, ஓலையோ வலையோ விறகோ இல்லாத திறந்த இடத்தில், மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் ஒப்படையுங்கள்.

நல்ல பவர் பேங்க்கும் விமானத்தில் சூடாகலாம். கையைச் சுடும் அளவுக்குச் சூடானாலோ, புடைத்தாலோ, பெயின்ட் போன்ற வாடை வந்தாலோ, அந்தக் கணமே தலைக்கு மேலுள்ள பொத்தானை அழுத்தி, வாய்விட்டும் பணியாளரை அழைக்க வேண்டும். அபராதம் போடுவார்களோ, போலீசில் ஒப்படைப்பார்களோ, வேலைக்கு இடைஞ்சல் வருமோ என்ற பயத்தில் நம் ஆட்கள் சிலர் அதைப் பைக்குள் திணித்து மறைக்கப் பார்ப்பார்கள். நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். பணியாளர்கள் முதலில் அணைப்பானால் சுடரை அடக்கி, பிறகு நிறைய நீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். பனிக்கட்டியால் மூடக் கூடாது. அது சூட்டை உள்ளேயே தேக்கிவிடும். போன் இருக்கையின் இடுக்கில் விழுந்துவிட்டாலும், இருக்கையைச் சாய்த்தோ நிமிர்த்தோ தாமாகத் தேட வேண்டாம், இருக்கையின் இரும்பில் நசுங்கி மின்கலம் பற்றிக்கொள்ளும். மஸ்கட் புறப்படும் முன் உங்கள் கணவரை அருகில் உட்கார வைத்து, இந்தக் கடைசிப் பத்தியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.